வாகன நிறுவனங்கள் சிறிய பிக்கப் வாகனங்களை இன்னும் விற்கத்தான் வேண்டுமா?

விற்கத்தான் வேண்டும். கேள்வியோடு நின்றிருந்தால் நானும் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். அதன் கீழே கேட்டவர் எழுதியிருக்கும் விளக்கம்தான் என்னை இங்கே உட்கார்த்தி வைத்தது. சிறு சுமைக்கு ஓட்டோ இருக்கிறது, பெருஞ்சுமைக்கு லொறி இருக்கிறது, வசதியுள்ளவர்கள் டபுள் கப் என்ற நான்கு கதவுப் பெரிய பிக்கப்பை வாங்குகிறார்கள், இடையில் இந்தக் குட்டி வாகனம் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். எனக்கு, ஐயா. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கொக்குவிலில் ஒரு மரவேலைத் தளம் வைத்து, கதவு நிலை, யன்னல், அலுமாரி செய்து விற்றுப் பிழைக்கும் என் போன்றவனுக்கு.

நீங்கள் அகலமான வீதியைப் பார்த்த வீட்டில், வாங்கிய பொருளைக் கடைக்காரரே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் வசதியோடு வாழ்பவர் என்று ஊகிக்கிறேன். ஊகம் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பொருள் உங்கள் வாசலுக்கு எதில் வந்தது என்பதை அடுத்த தடவை ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வகை வாகனத்துக்குப் பட்டா என்று பெயர். தமிழ்நாட்டு நண்பர்கள் காணிப் பத்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். டாட்டா நிறுவனம் 2005 இல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய ஏஸ் என்ற வாகனம் இலங்கையில் டிமோ பட்டா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயர் நிலைத்து, இப்போது எந்த நிறுவனத்தின் சிறிய சுமை வாகனத்தையும் எங்கள் ஆட்கள் பட்டா என்றே சொல்கிறார்கள். முதலில் வந்த ஏஸின் அளவுகள் எனக்கு மனப்பாடம்: நீளம் 3.8 மீற்றர், அகலம் 1.5 மீற்றர், திரும்பும் ஆரை 4.3 மீற்றர், சுமை 750 கிலோகிராம், இரண்டு சிலிண்டர் கொண்ட 702 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரம், வலு 16 குதிரை. பின்பெட்டி ஏழடி. இந்தக் கடைசி அளவைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள், ஏனென்றால் என் பதில் முழுவதும் அந்த ஏழடியைச் சுற்றித்தான் வரப்போகிறது.

ஒரு சாதாரண வீட்டுக் கதவின் நிலை ஏழடி உயரம். முதிரை மரத்தில் செய்தால் உள்ளறை நிலை ஒன்றே ஐம்பது, அறுபது கிலோ இருக்கும். வாசல் நிலை அதைப்போல் இரு மடங்கு வரும். ஒரு வீட்டுக்கு வாசல் நிலை ஒன்று, உள் நிலைகள் நான்கு, யன்னல் நிலைகள் ஆறு என்று எடுத்தால், எல்லாம் சேர்ந்து எழுநூறு கிலோவுக்கு உள்ளே அடங்கிவிடும். இதை ஓட்டோவில் ஏற்ற முடியாது. கூரையில் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். லொறிக்கு இது கால் சுமைகூட இல்லை, ஆனால் வாடகை முழுவதும் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் லொறி எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வராது. லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றலாம், தொழில் தொடங்கிய காலத்தில் அதில்தான் ஏற்றினேன். அது குலுக்குகிற குலுக்கலில் பூட்டி முடித்த மூட்டு விலகி, போன இடத்தில் திரும்பவும் ஆப்பு அடித்து இறுக்க வேண்டியிருந்தது.

சிறிய பிக்கப் எங்கள் வீட்டுக்குப் புதியதன்று. என் ஐயாவிடம் ஒஸ்ரின் ஏ-40 பிக்கப் ஒன்று இருந்தது. பத்து அந்தர், அதாவது ஏறத்தாழ ஐந்நூறு கிலோ, ஏற்றுவதற்கென்று பிரித்தானியாவில் செய்யப்பட்ட அந்த வாகனம், 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கண்ணில் படாமல் போன காலத்தில், ஊரில் இருந்த மற்றக் கார்களைப் போலவே மண்ணெண்ணெயில் ஓடியது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை மணத்தை வைத்தே ஐயா எந்த முடக்கில் வருகிறார் என்று அம்மா சொல்லிவிடுவார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த வலிகாமம் பகுதி முழுவதும் போரால் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, அந்தப் பின்பெட்டியில் எங்கள் வீட்டுப் பொருள் என்று இருந்தது ஒரு தையல் இயந்திரம் மட்டும். மிகுதி இடத்தில் ஒழுங்கையில் இருந்த கிழவர்களும் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். நாங்கள் பிள்ளைகள் பின்னால் நடந்தோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்வரை வாகனம் எங்கள் நடையை விட வேகமாகப் போகவேயில்லை.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்து ஊரில் கட்டட வேலைகள் மீண்டும் தொடங்கியபோது தளத்தை ஆரம்பித்தேன். 2010 இல், போர் முடிந்து லீசிங் நிறுவனங்கள் யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி கிளை திறந்த காலத்தில், ஒரு பட்டாவைத் தவணைக்கு எடுத்தேன். ஒன்பது ஆண்டுகள் ஓடியது. அதில் ஏற்றிச் சென்ற நிலைகளை வரிசையாக நிறுத்தினால் கொக்குவிலிலிருந்து இணுவில் வரை நிற்கும் என்று வேலையாட்களிடம் பெருமையடிப்பேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

2019 இல் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து அண்ணன் வந்திருந்தார். அதே நேரத்தில் என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தரகர் ஒரு நாள் தயங்கித் தயங்கி, “வாசலில பட்டா நிக்கிற வீடு எண்டு அவை ஒரு மாதிரிக் கதைக்கினம்” என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு தன் கைபேசியில் தன்னுடைய போர்ட் எப்-150 என்ற பெரிய பிக்கப்பின் படங்களைக் காட்டினார். அதன் பின்பெட்டியில் ஒரு கீறல் இல்லை, ஒரு சீவல் தூள் இல்லை. இதில் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். பனிக்காலத்துக்கு நல்லது என்றார். பிறகு, “உந்த வண்டிலை வித்துப்போட்டு ஒரு டபிள் கப்பை எடு. ஊருக்குள்ள ஒரு மரியாதை வேணும்” என்றார்.

பழியை அண்ணன் மீது போட எனக்கு உரிமையில்லை. எனக்கும் ஆசை இருந்தது. கார்த்திகை மாதத்தில் பட்டாவை நீர்வேலியைச் சேர்ந்த வாழைக்குலை வியாபாரி ஒருவருக்கு விற்றேன். அந்தக் காசை முற்பணமாகக் கட்டி, பாவித்த டபுள் கப் ஒன்றை நான்கு ஆண்டுத் தவணைக்கு எடுத்தேன். குளிரூட்டி வேலை செய்தது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. கோவிலடியில் நிறுத்தும்போது ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஆறு கிழமைகள் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

2020 தை மாதத்தில், இணுவிலில் ஓர் ஒழுங்கைக்குள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு வாசல் நிலை வைக்க நாள் பார்த்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை 6.40 முதல் 7.25 வரை சுபநேரம். திங்கட்கிழமையில் ஏழரைக்கு இராகுகாலம் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழரை அடி உயரமும் நான்கடி அகலமும் கொண்ட முதிரை நிலை. நான்கு பேர் தூக்க வேண்டிய பாரம். டபுள் கப்பின் பின்பெட்டி ஐந்தடி. நிலையைப் படுக்கவைத்தால் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதுவும் தரையில் படியாமல் சக்கர மேடுகளின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் உரப்பைகளை அடுக்கி, தலைப்பக்கத்தைக் கூரையில் சாய்த்துக் கட்டி, பின்னால் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுப் புறப்பட்டோம். அந்தக் கட்டு வேலைக்கே அரை மணித்தியாலம் போய்விட்டது. பட்டாவில் என்றால் பின்பலகையைத் திறந்து, தள்ளிவிட்டு, ஒரு கயிறு போட்டால் முடிந்திருக்கும்.

அந்த ஒழுங்கை ஒன்பதடி அகலம். நடுவில் செங்கோணமாக ஒரு முடக்கு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வேலிக் கதியால். பன்னிரண்டரை அடி நீளப் பட்டாவை அந்த முடக்கில் நான் கண்ணை மூடிக்கொண்டே திருப்பியிருக்கிறேன். பதினேழரை அடி டபுள் கப் அதில் திரும்பவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று முறை எடுத்தேன். நாலாவது முறை இடப்பக்கக் கதவு முழுவதும் மதிலில் உரசியது. அதற்குப் பிறகு முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் வர முடியாது என்ற நிலையில் வாகனத்தை விட்டுவிட்டு, நிலையை இறக்கி, தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது மணி 7.40.

யாரும் என்னை ஏசவில்லை. ஐயர் தட்டத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். கொத்தனார்மார் சாந்தை மூடினார்கள். வீட்டு ஆச்சி என்னைப் பார்த்து, “தம்பி, இண்டைக்கு வைக்க ஏலாது. உந்த மாமரத்துக்குக் கீழ சாத்தி வையும்” என்றார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த நாள் கிடைக்க ஒன்பது நாட்கள் சென்றன. கொத்தனார்களின் அன்றைய கூலியை நான் கொடுத்தேன். இராகுகாலத்தை நம்புகிறாயா என்று இங்கே சிலர் கேட்கப்போகிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை எனக்கு இருக்க வேண்டியதில்லை. நிலை வாங்குகிறவருக்கு இருக்கிறது, அது போதும். நேரம் தவறவிட்ட மேசன் என்றால் ஊர் மன்னித்துவிடும், நிலை செய்தவனை மன்னிக்காது.

அதே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய மற்ற நிலைகளுக்கு வாடகைக்கு வாகனம் தேடினேன். கிடைத்தது, நான் விற்ற அதே பட்டா. நீர்வேலிக்காரர் சிரிக்காமல் வாடகை சொன்னார். நானும் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

திருப்பி வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது 2020 மார்ச் மாதம் வந்தது. ஊரடங்கோடு சேர்த்து, அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக வாகன இறக்குமதியையும் அரசாங்கம் நிறுத்தியது. புதிய பட்டா வராது என்று தெரிந்தவுடன் பழையவற்றின் விலை கிழமைக்குக் கிழமை ஏறத் தொடங்கியது. 2022 இல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டையைக் காட்டிப் பங்கீட்டில் எரிபொருள் வாங்கிய காலத்தில், என் டபுள் கப் நிலைகளை ஏற்றாமலே டீசல் குடித்தது. நான் வெளியே பட்டா பிடித்து நிலைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். 2023 இல் தவணை முடிந்த கையோடு டபுள் கப்பை விற்றேன். நான் விற்ற பட்டாவை விட வயதான, அடிச்சட்டம் துருப்பிடித்த இன்னொரு பட்டாவை, என்னுடையதை விற்ற விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்து வாங்கினேன். டபுள் கப்பின் விலையும் ஏறியிருந்ததே, அதில் நீ இலாபம் பார்க்கவில்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பார்த்தேன். அதை நான் மறைக்கவில்லை. தடை தந்த இலாபத்தைத் தடை ஏற்றிய விலையில் கொட்டினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மகளின் திருமணம் இதற்கிடையில் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை பெண் பார்க்க மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் எது நின்றது என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. ஏஸ் வாகனத்தை வடிவமைக்கும் முன்பு டாட்டா பொறியியலாளர்கள் இந்தியாவில் மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டுபவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். அவர்களில் ஒருவர், நான்கு சக்கர வாகனம் இருந்தால் ஊரில் தனக்கு நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்றாராம். இந்தக் கதையை வாசித்த அன்று நீண்ட நேரம் சிரித்தேன். அங்கே பெண் எடுக்க உதவிய வாகனம் இங்கே பெண் கொடுக்க இடைஞ்சல் என்று தரகர் சொல்லியிருந்தார்.

இப்போது நிறுவனங்களைப் பற்றி. சிறிய பிக்கப்பை ஆட்கள் வாங்குவதில்லை, அதனால்தான் நிறுவனங்கள் கைவிட்டன என்ற எண்ணம் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவை வைத்துத்தான் பலர் இதைச் சொல்கிறார்கள். அங்கே போர்ட் நிறுவனம் ரேஞ்சர் என்ற சிறிய பிக்கப்பை 2011 டிசம்பரில் நிறுத்தி, மினசோட்டாவில் செயின்ற் போல் நகரிலிருந்த தொழிற்சாலையையும் மூடியது உண்மை. ஆனால் அங்கே சந்தை சமதரையாக இருந்ததில்லை. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்குத் தீர்வை விதித்ததற்குப் பதிலடியாக, 1964 முதல் இறக்குமதிச் சுமை வாகனங்களுக்கு அமெரிக்கா 25 சதவீதத் தீர்வை விதித்தது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, தீர்வை மட்டும் நிற்கிறது. யப்பானியச் சிறு பிக்கப்புகள் மலிவாக உள்ளே வரும் வழி அதனால் அடைபட்டது. பிறகு வந்த எரிபொருள் விதிகள், நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை அளந்து இலக்கு வைத்தன. பரப்பு கூடினால் இலக்கு தளரும். வாகனத்தைச் சிக்கனமாக்குவதை விடப் பெரிதாக்குவது சுலபம் என்று ஆக்கிவிட்டால் எந்த நிறுவனம் சிறிதாகச் செய்யும்? போதாக்குறைக்கு, பெரிய வாகனத்தில் ஒன்றுக்குக் கிடைக்கும் இலாபமும் அதிகம்.

பெரிதாகிய வாகனத்தில் சுமைக்கான இடமாவது பெரிதாயிற்றா என்றால் அதுவுமில்லை. போர்ட்டின் எப் வரிசை வாகனங்களில் அறுபதுகளில், முன்மூக்கை விட்டுப் பார்த்தால், மிகுதி நீளத்தின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்பெட்டியாக இருந்தது. இன்று அதிகம் விற்பனையாகும் நான்கு கதவு வகைகளில் அந்தப் பங்கு ஆட்கள் இருக்கும் பகுதிக்குப் போய்விட்டது. தச்சனுக்குச் செய்த வாகனம் தச்சனின் வாடிக்கையாளருக்கு உரியதாகிவிட்டது. இரண்டு பேரும் வாங்கட்டும், எனக்கு வழக்கில்லை. ஆனால் தச்சனுக்குரியதை ஏன் நிறுத்த வேண்டும்?

ஆட்கள் வாங்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு 2021 இல் போர்ட்டே பதில் சொல்லிவிட்டது. இருபதாயிரம் டொலருக்குச் சற்றுக் குறைந்த தொடக்க விலையில் மவரிக் என்ற சிறிய பிக்கப்பைக் கொண்டுவந்தார்கள். கேட்டவர்களின் தொகை செய்யக்கூடிய தொகையைத் தாண்டிப் போய், 2022 சனவரியில் அந்த ஆண்டுக்கான முன்பதிவை நிறுத்தவேண்டி வந்தது. யப்பானில் 3.4 மீற்றர் நீளமும் 660 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் என்று சட்டமே எல்லை வகுத்த குட்டிச் சுமை வாகனங்கள் வயலிலும் மீன்சந்தையிலும் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் இருபத்தைந்து ஆண்டு கடந்தவற்றை அமெரிக்கக் கமக்காரர்கள் தேடி இறக்குமதி செய்கிறார்கள். தாய்லாந்தில் ரொயோட்டா நிறுவனம் 2023 இல் ஹைலக்ஸ் சம்ப் என்று, அலங்காரம் இல்லாத, பின்னால் தட்டையான தளம் கொண்ட ஒரு வாகனத்தை விற்கத் தொடங்கியது. ஏஸ் வரிசை இந்தியாவில் இருபது இலட்சத்தைத் தாண்டி விற்றிருக்கிறது. வாங்குகிறவர்கள் இல்லாமலா?

பட்டாவைப் புகழ்ந்து விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் குறைகளை நான் அறிவேன். முன்னால் மூக்கில்லாத வாகனம் என்பதால், மோதினால் முதலில் அடிபடுவது சாரதியின் முழங்கால்தான். முதல் வகையின் 16 குதிரை வலு சமதரையான யாழ்ப்பாணத்துக்குப் போதும். கண்டிப் பக்கத்து ஏற்றங்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். 750 கிலோ என்று எழுதிய பெட்டியில் ஒன்றரைத் தொன் கல் ஏற்றிவிட்டு வில்லுத்தகடு முறிந்தது என்று நிறுவனத்தைத் திட்டுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அது வாகனத்தின் குற்றமன்று. குடும்பத்தோடு தூரப் பயணம் போகிறவருக்கு டபுள் கப் நல்ல வாகனம் என்பதையும் நான் மறுக்கவில்லை. குளிரூட்டியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன், குறிப்பாகச் சித்திரை மாதத்தில்.

2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. வரியோடு சேர்த்துச் சொல்லப்படும் விலைகளைக் கேட்டபின் என் துருப்பிடித்த பட்டாவுக்கு அடிச்சட்டம் ஒட்டுவித்து, புதிதாக வர்ணம் பூசினேன். புதியது வாங்கும் காலம் வந்தால் நான் கேட்கப்போவது மூன்று அளவுகள்தான்: ஏழடிப் பெட்டி, ஐந்தடிக்கு மேற்படாத அகலம், ஒன்பதடி ஒழுங்கையின் முடக்கில் ஒரே வீச்சில் திரும்பும் சுக்கான். மின்கலத்தில் ஓடினாலும் சரி, என் ஒரு நாள் ஓட்டம் அறுபது கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை.

போன மாதம் அண்ணன் தொலைபேசியில் பேசினார். எப்-150 ஐக் கொடுத்துவிட்டாராம், இருவருக்கு அவ்வளவு பெரிது எதற்கு என்று அண்ணிக்குத் தோன்றிவிட்டதாம். மவரிக் ஒன்று எடுத்திருக்கிறார். சிறியது, எண்ணெய் குடிக்காது, எங்கேயும் நிறுத்தலாம் என்று ஐந்து நிமிடம் வர்ணித்தார். பின்பெட்டி எத்தனை அடி என்று கேட்டேன். வெளியே போய் அளந்துவிட்டு வந்து, “நாலரை” என்றார்.

“நிலை போகாது, அண்ணை” என்றேன்.